பத்துச் சுருக்குக்கு ஒரு தகரம்

லயத்து வரிசை வீடுகளின் பின்பக்கம் ஒரு பழைய தார்ப்பீப்பாயை நிமிர்த்தி வைத்து, அதில் சாணியைக் கரைத்து, இரண்டு கைப்பிடி உப்பையும் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான் ரெங்கசாமி. கரைசலுக்குள் கிடந்தவை கம்பிகள். சைக்கிள் பிரேக் கம்பி, மோட்டார் சைக்கிள் கிளச் கம்பி. நான்கு நாள் அதில் ஊறினால், நேற்று வாங்கி வந்த கம்பிகூடப் பத்து வருஷம் காட்டில் கிடந்தது போலத் துருவேறிவிடும்.

தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு வந்த தனலெட்சுமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சீ! என்னா நாத்தம் இது. சோறு ஆக்குற எடத்துக்குப் பின்னாடியே வெச்சிருக்கீங்களே."

"இன்னும் நாலே நாலு தகரந்தான் புள்ள. குசினிப் பக்கம் மூடிட்டா முடிஞ்சுது. அந்த ஆட்டு முடிய எடுத்துட்டு வந்து ஒக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அதுதான் அவளுக்கே பிடிக்காதது. முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்து, துருவேறிய கம்பி ஒவ்வொன்றிலும் நாலைந்து ஆட்டு முடியைச் சிக்கவைத்து முறுக்கிக் கொடுத்தாள். பார்ப்பவருக்கு ஏதோ ஒரு மிருகம் அதில் மாட்டித் திமிறிய அடையாளம் தெரிய வேண்டும். போன மாதம் கோழி ரத்தமும் தடவினார்கள். அது ஈ மொய்த்துப் புழு வைத்ததால் விட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் இது நல்ல காரியமாகத்தான் தெரிந்தது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. வடக்கில் சண்டை நின்று, ஊரெல்லாம் வெள்ளை ஜீப்புகள் ஓடத் தொடங்கிய காலம். ஹாலிஎலக்கு மேலே இருக்கும் மொட்டப்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரு ஜீப் வந்தது. "வனமும் வாழ்வும்" என்று திட்டத்துக்குப் பெயர். தோட்டத்துக்கு மேலே இருக்கும் காட்டில் சிறுத்தை இருக்கிறது, மான் இருக்கிறது, அழுங்கு இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் வைக்கும் சுருக்குகளில் அவை மாட்டிச் சாகின்றன. ஏழைகளின் வறுமையைப் போக்கினால் காடும் பிழைக்கும். இதுதான் அவர்கள் சொன்னது. பிள்ளைமடுவத்தில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூட்டம் போட்டார்கள். பேசியவர் சிற்றம்பலம், திட்டத்தின் கள அலுவலர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், நடந்து நடந்து தேய்ந்த சப்பாத்து. பொய் பேசத் தெரியாத முகம் என்று தனலெட்சுமி அன்றைக்கு நினைத்தாள்.

கூட்டத்தில் அவள்தான் எழுந்து கேட்டாள்.

"சுருக்கு வெக்க வாணாம்னா சரிங்க. ஆனா காட்டுப்பன்னி வந்து எங்க தோட்டத்துப் போஞ்சியையும் மரவள்ளியையும் தோண்டிப்போட்டுட்டுப் போவுதே, அதுக்கு என்னா செய்யுறது?"

சிற்றம்பலம் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். பிறகு, "அதைப் பற்றியும் யோசிக்கிறம் அம்மா," என்றார். யோசித்ததாக அதற்குப் பிறகு தெரியவில்லை. ஆனால் கேள்வி கேட்டதற்காக அவளையே பெண்கள் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். அடுத்த கூட்டத்தில் கொழும்பிலிருந்து பணிப்பாளரே வந்து அறிவித்தார்: சுருக்குகளை ஒப்படைப்பவர்களுக்குக் கூரைத் தகரம். பத்துச் சுருக்குக்கு ஒரு தகரம்.

தகரம் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைமடுவம் முழுக்க ஒரு மூச்சு வாங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் வேய்ந்த கூரை. மழைக்காலத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் சட்டி, குண்டான், வாளி என்று வரிசையாக வைத்துத் தண்ணீர் ஏந்துவார்கள். தனலெட்சுமியின் மகள் ஜெயந்தினி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகங்களை உரப்பையில் சுற்றி, தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

ரெங்கசாமியிடம் பதினொரு சுருக்கு இருந்தது. உண்மையான சுருக்கு, பன்றிக்கு வைப்பது. அந்த டிவிஷனில் சுருக்கு வைப்பவர்கள் அவனோடு சேர்த்து ஐந்து பேர்தான். எல்லாருடையதையும் கூட்டினாலும் நாற்பது வராது. அவற்றை முதல் வாரமே கொண்டுவந்து போட்டார்கள். தகரமும் வந்தது, ஒவ்வொன்றிலும் மஞ்சள் சாயத்தில் ஒரு சிறுத்தை முகம் அச்சடித்து.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடை மழை தொடங்கியபோது ஒரு தகரம் கிடைத்தவன் வீட்டிலும் மூன்று இடத்தில் ஒழுகியது. பழைய போத்தல், பழைய இரும்பு என்று கூவிக்கொண்டு ஹாலிஎலயிலிருந்து சாக்கோடு வரும் புஹாரியிடம் ஒருவன் பழைய பிரேக் கம்பி கேட்டான். அடுத்த வாரம் நாலு பேர் கேட்டார்கள். கரண்டியைத் தவிர வேறெதையும் வளைத்தறியாத கருப்பம்மாவின் புருஷன்கூட இருபது சுருக்கோடு வந்து நின்றான். ஆறு மாதத்தில் மொட்டப்பாறைத் தோட்டம் ஒப்படைத்த சுருக்குகள் அறுநூறைத் தாண்டின. அந்தக் காட்டில் அறுநூறு முயல்கூட இருக்காது. பணிப்பாளர் அதைக் கேட்டுப் பூரித்துப்போனார். "அறுநூறு உயிர்களைக் காப்பாற்றிய மக்கள்" என்று துணியில் எழுதிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் கட்டினார்.

தகரம் வேய்ந்த கூரைக்குக் கீழே ஜெயந்தினி நனையாமல் படித்தாள். அதைப் பார்க்கும்போது தனலெட்சுமிக்கு நிம்மதியாக இருந்தது. அந்தத் துணியைக் கடந்து வேலைக்குப் போகும்போது மட்டும் வாயில் ஏதோ கசந்தது. எச்சிலைத் துப்பிவிட்டு நடப்பாள்.

ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, சாக்கில் கட்டிய கம்பிகளைச் சிற்றம்பலம் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சாணி நாற்றம் அவர் சட்டை வரைக்கும் வீசியது. அவள் கிட்டே போனாள்.

"சேர், நீங்க படிச்சவங்க. இதெல்லாம் காட்டுல இருந்து வந்ததுன்னு நெசமாவே நம்புறீங்களா?"

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"முதல் மாசமே தெரியும் அக்கா. ஆட்டு மயிருக்கும் மான் மயிருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதெண்டு நினைக்கிறியளே?"

"தெரிஞ்சுமா எடுத்துட்டுப் போறீங்க?"

"நான் எடுக்காட்டி வேற ஆள் எடுப்பான். எனக்கும் மூண்டு பிள்ளையள். உங்களுக்குத் தகரம் வருது, எனக்குச் சம்பளம் வருது, பணிப்பாளருக்குப் பேர் வருது. இதில ஆர் ஆரைக் கேக்கிறது?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையே அப்படி நாறும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

சித்திரை மாதம் பணிப்பாளருக்குப் புதிதாக ஒரு தேவை வந்தது. கம்பிக் குவியலைப் படம் எடுத்தால் போதாது. காட்டுக்குள் சுருக்கு இருக்கும் நிலையிலேயே படம் வேண்டும், மக்களே அதைக் கண்டுபிடித்து அகற்றுவது போல. வெளிநாட்டிலிருந்து உதவி செய்பவர்கள் அதைத்தான் பார்க்க விரும்புகிறார்களாம். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ரெங்கசாமியும் நாலு பேரும் ஒன்பதாம் நம்பர் மலைக்கு மேலே, ஓடைக் கரையோரமாக நாற்பது சுருக்குகளை வைத்தார்கள். பகலில் ஜீப் வந்தது. படம் எடுத்தார்கள். சிரித்துக்கொண்டே எடுக்காதீர்கள், கவலையாகப் பாருங்கள் என்று பணிப்பாளர் சொல்லிக்கொடுத்தார். முப்பத்துமூன்று எடுத்து முடிந்தபோது இடி இடித்து மழை கொட்டியது. பனிமூட்டம் இறங்கிப் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை. ஜீப் போய்விட்டது.

"மிச்சம் ஏழும்?" என்று தனலெட்சுமி கேட்டாள்.

"நாளைக்கு எடுத்துக்கலாம்," என்றான் ரெங்கசாமி.

மறுநாள் மாரியம்மன் கோயில் திருவிழா தொடங்கிவிட்டது. இரண்டு நாளும் தப்பு முழங்கியது. திங்கட்கிழமை கொழுந்து மண்டிக் கிடந்தது என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் யாரையும் விடவில்லை. அவளும் ஒரு தடவை கேட்டதோடு சரி.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியிருக்கும். ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மேலே ஒரு சத்தத்தைக் கேட்டார்கள். ரம்பத்தால் ஈர மரத்தை அறுப்பது போன்ற சத்தம். நின்று நின்று வந்தது. தனலெட்சுமியும் கருப்பம்மாவும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஏறிப் போனார்கள்.

சவுக்கு மரத்தடியில் மண் வட்டமாகக் கிளறப்பட்டு, உழுத நிலம் போலக் கிடந்தது. அதன் நடுவே சிறுத்தை. கம்பி அதன் இடுப்பில் இறுகியிருந்தது. இறுகி, தோலை அறுத்து, உள்ளே போயிருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் அசையவில்லை. முன்னங்கால்களால் மண்ணைப் பிறாண்டித் தன்னை இழுக்கப் பார்த்தது. இழுக்க இழுக்கக் கம்பி இன்னும் உள்ளே போனது. அது ஒருக்களித்தபோது, வயிற்றில் காம்புகள் பால் கட்டிப் புடைத்திருப்பது தெரிந்தது.

"குட்டி போட்டிருக்குடி," என்றாள் கருப்பம்மா.

தனலெட்சுமி கம்பியைத்தான் பார்த்தாள். மரத்தில் கட்டியிருந்த முடிச்சு அவளுக்குத் தெரிந்த முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடக்கி விடுவது அவள் புருஷனின் கை. கம்பியின் ஒரு முனையில், சிறுத்தையின் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று வெள்ளாட்டு முடி இருந்தது. அவள் சிக்கவைத்த முடி.

கருப்பம்மா ஓடிப்போய்த் தோட்டத்து ஆபீசில் சொன்னாள். காட்டு விஷயம் எதுவானாலும் முதலில் திட்டத்துக்குத்தான் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்ததால், கிளாக்கர் ஹாலிஎலயில் இருந்த திட்ட ஆபீசுக்குத்தான் போன் எடுத்தார். ஒன்பதரைக்குச் சிற்றம்பலம் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சிறுத்தையைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டாக்டருக்குச் சொல்லிட்டீங்களா சேர்?"

"பணிப்பாளருக்குச் சொல்லியிருக்கிறன்."

"நான் கேட்டது மிருக டாக்டர."

"அவர் வந்துதான் சொல்லுவார் அக்கா. எங்களுக்கு அப்பிடித்தான் ஓடர். பண்டாரவளையில வெளிநாட்டு ஆக்களோட நிக்கிறார். கெதியா வந்திடுவினம்."

பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. தோட்டமே திரண்டு வந்துவிட்டது. சிலர் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். யாரோ ஒருவன் நீளக் கம்பால் அதன் வாலைத் தொட்டுப் பார்த்தான், தனலெட்சுமி அந்தக் கம்பைப் பிடுங்கி எறிந்தாள். சிறுத்தையின் சத்தம் குறைந்து, கடைசியில் மூச்சு மட்டும் கேட்டது. அதன் வாயோரத்தில் நுரையும் மண்ணும் கலந்து வழிந்தன.

பன்னிரண்டரைக்குச் சிற்றம்பலம் யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனார். ஆபீசிலிருந்து அவரே வனவிலங்கு அதிகாரிகளுக்குப் பேசினார் என்று பிறகு தெரிந்தது. மூன்று மணி நேரம் முன்னால் செய்திருக்க வேண்டியது.

ஒன்றரைக்கு ஜீப் வந்தது. பணிப்பாளரும், வெள்ளைக்கார ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்கள். அந்தப் பெண் பார்த்ததும் கையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே கமராவைத் திறந்தாள். பணிப்பாளர் கைக்குட்டையில் ஏதோ வாசனைத் தண்ணீர் தெளித்து மூக்கில் வைத்துக்கொண்டார். ரத்தமும் மூத்திரமும் சேர்ந்த நாற்றத்தோடு அந்த வாசனையும் கலந்தது.

"பெனரைக் கொண்டு வாங்க," என்றார் பணிப்பாளர். "பெண்கள் குழு பின்னால நிக்கட்டும். தங்கச்சி, நீங்க தலைவிதானே? நடுவுல நில்லுங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, அது ஒண்டும் செய்யாது இப்ப."

அவள் நின்றாள். இன்றைக்கும் அவளால் தன்னை மன்னிக்க முடியாதது அதுதான். "அறுநூறு உயிர்களைக் காப்பாற்றிய மக்கள்" என்ற துணியின் விளிம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் சிறுத்தை கண்ணைத் திறந்து மூடியது. கமரா நாலைந்து தடவை மின்னியது. அதன் பிறகுதான் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், தேயிலைச் செடிக்குள் குனிந்து, காலையில் தின்ற ரொட்டி முழுவதையும் வாந்தி எடுத்தாள். வெறும் பித்தம் வரும்வரை எடுத்தாள்.

மூன்று மணிக்குச் சிறுத்தை செத்தது. மிருக வைத்தியர் வரும்போது ஐந்து.

இடையில் தனலெட்சுமி கருப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடைக் கரையோரமாகப் போய் மீதி ஆறு சுருக்கையும் தேடி எடுத்தாள். ஐந்து வெறுமனே இருந்தன. ஆறாவதில் ஒரு சருகுமான் கழுத்து இறுகித் தொங்கியது. மூன்று நாளாகியிருக்கும். தொட்டதும் வயிறு உடைந்து புழுக்கள் அவள் கைமேல் கொட்டின. கருப்பம்மா அலறிக்கொண்டு பின்வாங்கினாள். தனலெட்சுமி கையை உதறவில்லை. ஒவ்வொரு புழுவாகத் தட்டிவிட்டு, கம்பியை அவிழ்த்து, கல்லால் மண்ணைத் தோண்டி அந்தச் சின்ன உடம்பைப் புதைத்தாள்.

அவர்கள் இறங்கி வந்தபோது பிள்ளைமடுவத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்களை ஜீப்பில் அனுப்பிவிட்டுப் பணிப்பாளர் மட்டும் தங்கியிருந்தார். நாளைக்கு விசாரணை இருக்கிறது, பொலிசும் வரும், சுருக்கை யார் வைத்தது என்று ஒரு பதில் சொல்ல வேண்டும். திட்டத்தில் சேர்ந்த தோட்டத்து ஆள் என்று சொன்னால் திட்டமே நின்றுவிடும், வரவேண்டிய தகரமும் வராது. வெளியாள் யாராவது இந்தப் பக்கம் வந்துபோகிறானா?

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"புஹாரி வருவாப்ல. பழைய இரும்பு எடுக்க."

"கம்பியே அவருதான கொண்டாந்து குடுத்தாரு," என்றது இன்னொரு குரல்.

"அப்ப அவரைச் சொல்றதுல என்ன பொய் இருக்கு?" என்றார் பணிப்பாளர். "கம்பி அவருடையது. அவ்வளவுதானே நீங்க சொல்லப்போறீங்க."

சிற்றம்பலம் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெங்கசாமி கைகட்டி நின்றான். தன் மனைவி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புஹாரியைச் சொல்லச் சம்மதிப்பவர்கள் கைகளை உயர்த்தச் சொன்னபோது அவன் கையும் உயர்ந்தது. இருபது வருஷமாகத் தன்னோடு வாழ்ந்தவனின் கை அது என்பதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் விடிந்ததும் துவைப்பதற்காக அவன் சட்டையை எடுத்தாள். பையில் ஏதோ கனத்தது. பொலித்தீன் துண்டில் சுற்றிய பொட்டலம். பிரித்தாள். வளைந்த நகம் ஒன்று. வேரில் சதையும் இரண்டு மஞ்சள் முடியும் ஒட்டியிருந்தன. நேற்று வைத்தியர் வந்து பார்த்தபோது முன்னங்காலில் மூன்று நகம் எங்கே என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே குரலில் தெரியாது என்றார்கள். அதில் ரெங்கசாமியின் குரலும் இருந்தது.

"இது என்னாங்க?"

அவன் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தான். மறைக்கக்கூட முயலவில்லை.

"புள்ளைக்குத்தான். தாயத்துல வெச்சுக் கட்டுனா பரீட்சைக்கு நல்லது, பயம் வராதுன்னு சொல்வாங்க. எப்படியும் செத்தது தான புள்ள."

"செத்ததா? அது சாகுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா எடுத்தீங்க?"

அவன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, அந்த வீடு, அந்த அடுப்பு, அவன், அவனோடு படுத்த பாய், எல்லாமே அழுகிப்போனதாகத் தோன்றியது. தன் கையையும் பார்த்தாள். மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை.

விசாரணை தோட்டத்து ஆபீசில் நடந்தது. வனவிலங்கு அதிகாரி ஒருவரும் இரண்டு பொலிஸ்காரர்களும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். சிற்றம்பலம்தான் மொழிபெயர்த்தார். வெளியே பெஞ்சில் புஹாரி இருந்தார், சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. அறுபது வயது மனிதர். தனலெட்சுமியைக் கண்டதும் எழுந்தார்.

"தங்கச்சி, நான் கம்பி வித்தது நெசந்தான். காட்டுப் பக்கம் நான் போனதே இல்லையே. அல்லாஹ்வுக்குத் தெரியும். நீங்க கொஞ்சம் சொல்லுங்களே."

அவள் உள்ளே போனாள். பெண்கள் குழுத் தலைவி என்று பணிப்பாளர் சிரித்த முகத்தோடு அறிமுகம் செய்தார். அவள் இடுப்பு மடிப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து, அதிகாரியின் மேசைமேல் அவிழ்த்து வைத்தாள். அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இது என் புருஷன் சட்டையில இருந்துச்சுங்க. சுருக்கும் அவரு வெச்சதுதான். பன்னிக்கு வெச்சது இல்ல, மானுக்கு வெச்சதும் இல்ல. போட்டோ புடிக்க வெச்சது. இந்தப் பணிப்பாளரு ஐயாதான் வந்து வெக்கச் சொன்னாரு. நாப்பது வெச்சோம், மழை வந்துருச்சு, ஏழ எடுக்காம விட்டுட்டோம். அறுநூறு சுருக்குன்னு எழுதியிருக்காங்களே, அது அம்புட்டும் நாங்க வீட்டுல செஞ்சது. சாணியில ஊறப்போட்டு, ஆட்டு முடி வெச்சு. நானுந்தான் செஞ்சேன். வெளிய ஒக்காந்திருக்கவருக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல."

அதிகாரி சிற்றம்பலத்தைப் பார்த்தார். பணிப்பாளரும் அவரைப் பார்த்தார், கண்ணால் ஏதோ சொன்னார். சிற்றம்பலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் பேசத் தொடங்கினார். தனலெட்சுமிக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும். ஒரு சொல்கூட விடாமல் சொன்னார். சாணியைச் சொன்னார், ஆட்டு முடியைச் சொன்னார், போட்டோவைச் சொன்னார். அவள் சொல்லாத ஒன்றையும் கடைசியில் சேர்த்தார்: காலை ஒன்பதரை மணிக்கே தனக்குத் தெரியும், பன்னிரண்டரை வரை வைத்தியருக்குச் சொல்லாமல் இருந்தது தான்தான், இருக்கச் சொன்னவர் பணிப்பாளர்.

புஹாரியை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துப் பக்கம் அவர் வரவே இல்லை. நன்றி சொல்லவில்லையே என்று கருப்பம்மா குறைப்பட்டபோது தனலெட்சுமிக்குக் கோபம் வந்தது.

"என்னாத்துக்கு நன்றி? நாம கை தூக்குனதுக்கா?"

ரெங்கசாமியைப் பதுளைக்குக் கொண்டுபோய் இரண்டு வாரம் விளக்கமறியலில் வைத்து, பிறகு குற்றப்பணம் விதித்து விட்டார்கள். சிற்றம்பலத்துக்கு வேலை போனது. போகும்போது தோட்டத்துக்கு வந்து சொல்லிக்கொண்டு போனார். "இப்பதான் அக்கா கொஞ்சம் நித்திரை வருது," என்றார். பணிப்பாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டத்தை மூடிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போனார். தகரம் கிடைக்காமல் போன எட்டு வீட்டுக்காரர்கள் தனலெட்சுமியின் வாசலில் நின்று ஏசினார்கள். பீலிக்கரையில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். காட்டில் குட்டிகளைத் தேடிப் போன அதிகாரிகளுக்கு ஒன்று மட்டும் கிடைத்தது, அதுவும் பிழைக்கவில்லை.

மறுவருஷம் ஜெயந்தினி பள்ளிக்கூடத்து நூலகத்திலிருந்து ஒரு பளபளப்பான புத்தகத்தைக் கொண்டுவந்தாள். திட்டத்தின் இறுதி அறிக்கை. நடுப்பக்கம் முழுக்க அந்தப் படம். துணியைப் பிடித்தபடி அம்மா, காலடியில் சிறுத்தை. கீழே இங்கிலீசில் எழுதியிருந்ததை ஜெயந்தினி தமிழில் சொன்னாள்: "மக்கள் சக்தியால் மீட்கப்பட்ட சிறுத்தை."

தனலெட்சுமி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். கிழிக்கவில்லை.

"கொண்டுபோய் இருந்த எடத்துலேயே வெச்சிரு. கேக்குறவங்ககிட்ட அது செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லு."

அந்த வாரமே ஹாலிஎலக்குப் போய், விசாரணைக்கு வந்த வனவிலங்கு அதிகாரியின் இடத்தைக் கேட்டறிந்து அவரைப் பார்த்தாள். தகரம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், பன்றிக்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். அவர் தெரியாத தமிழில் தடுமாறி, ஒரு தாளில் வரைந்து காட்டினார். காய்கறித் தோட்டங்களைச் சுற்றி வாய்க்கால் போல ஆழமான கான், உள்பக்கம் செங்குத்தாக, மேலே கல்லடுக்கு. தனித்தனியாகச் செய்தால் பயனில்லை, எல்லாருடைய நிலத்தையும் சேர்த்து ஒரே வளையமாக வெட்ட வேண்டும்.

கான் வெட்டுவதில் அந்த டிவிஷனிலேயே ரெங்கசாமியை அடிக்க ஆளில்லை. ஆனால் அவள் அவனோடு பேசியே ஒரு வருஷம் ஆகியிருந்தது. சோற்றை வைப்பாள், நகர்ந்துவிடுவாள். தாளை அவன் முன்னால் வைத்தாள். அவன் பார்த்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். முதல் ஞாயிறு அவனும் அவளும் கருப்பம்மாவும்தான். மூன்றாவது ஞாயிறு பதினாறு பேர், ஏசிய வீட்டுக்காரர்களில் மூவர் உட்பட. அந்த முறை போஞ்சி வீட்டுக்கும் மிஞ்சி, ஹாலிஎலச் சந்தைக்கும் போனது. ஞாயிறு காலையில் பெண்கள் ஆறு பேர் காட்டோரமாக நடந்து, கம்பி ஏதும் கண்டால் அவிழ்த்து எடுத்து வந்தார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க வந்த ஒரு ஜீப்பைக் கருப்பம்மா கீழ் ரோட்டிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள்.

ஐப்பசி மழையில் கிழக்கு மூலையில் கான் சரிந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் மரவள்ளிப் பாத்தி நாலும் கிளறிக் கிடந்தது, பன்றிக் குளம்பு பதிந்த சேற்றில் கிழங்குத் துண்டுகள் மிதந்தன. அதில் மூன்று பாத்தி ரெங்கசாமியுடையது. அவன் அந்தச் சேற்றில் இறங்கி நின்று, சரிந்த இடத்தை மண்வெட்டிப் பிடியால் அளந்தான். அவன் மறுபடியும் சுருக்கு வைக்கலாம் என்பானோ என்று தனலெட்சுமி மேலே நின்று பார்த்தாள்.

"இங்க மண்ணு பொதபொதன்னு இருக்கு," என்றான். "இன்னொரு முழம் தள்ளி வெட்டணும். நீ மேல இருந்து கல்லை உருட்டி விடு."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லை உருட்டத் தொடங்கினாள்.